ஐகான் சொல்லும் சாட்சி

கோப்புகளைப் பட்டியலிடும் எந்த வலைச் செயலியைத் திறந்தாலும் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு சிறு படம் நிற்கிறது. சிவப்பு என்றால் பிடிஎஃப், நீலம் என்றால் வேர்டு, பச்சை என்றால் எக்செல், மலைமுகடும் சூரியனும் தெரிந்தால் ஒளிப்படம். பெயரைப் படிப்பதற்கு முன்பே கண் இந்தப் படத்தைப் படித்துவிடுகிறது. அதை நம்பித்தான் கை சொடுக்குகிறது. செயலியை உருவாக்கும் இடங்களில் இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அழகைச் சுற்றியே நடக்கும்: எந்த ஐகான் தொகுப்பு, என்ன அளவு, எந்த நிறம். அந்தக் கேள்விகளுக்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு. 'இது இன்ன வகைக் கோப்பு' என்று அந்தப் படம் பயனரிடம் சொல்கிறதே, அது செயலிக்கு எப்படித் தெரியும்? ஐகானை அலங்காரமாகப் பார்த்தால் இந்தக் கேள்வி எழவே எழாது. அதை ஒரு சாட்சியமாகப் பார்த்தால், செயலியின் கட்டமைப்பில் பல விஷயங்களை மாற்றியாக வேண்டியிருக்கும். ஐகானைச் சாட்சியமாகத்தான் பார்க்க வேண்டும் என்பதும், கையில் உள்ள ஆதாரம் எவ்வளவோ அவ்வளவு மட்டுமே அது சொல்ல வேண்டும் என்பதும் இந்த அத்தியாயத்தின் வாதம்.

கோப்புக்குப் பிறவியிலேயே வகை கிடையாது. வட்டில் கிடப்பது 0 முதல் 255 வரையிலான எண்களின் நீண்ட வரிசை. அந்த வரிசையை ஒரு நிரல் படமாக வாசிக்கிறது, இன்னொன்று ஒலியாக வாசிக்கிறது. எந்த நிரலிடம் கொடுக்க வேண்டும் என்பதை எங்காவது குறித்து வைத்தாக வேண்டும். எங்கே என்பதில்தான் கணினி வரலாறு பல வழிகளில் பிரிந்தது. டெக் நிறுவனத்தின் கணினிகளிலும் பிறகு சிபி/எம்மிலும் இருந்த வழக்கத்தை 1981இல் வந்த எம்எஸ்-டாஸ் எடுத்துக்கொண்டது: பெயருக்கு 8 எழுத்து, ஒரு புள்ளி, வகைக்கு 3 எழுத்து. 1984இல் வந்த மெக்கின்டோஷ் வேறு வழியில் போனது. ஒவ்வொரு கோப்புக்கும் நான்கெழுத்தில் ஒரு வகைக் குறியீட்டையும், அதை உருவாக்கிய நிரலுக்கு நான்கெழுத்தில் இன்னொரு குறியீட்டையும் பெயருக்கு வெளியே, கோப்பு அமைப்பின் பதிவேட்டில் எழுதிவைத்தது. கோப்பின் பெயரைப் பயனர் எப்படி மாற்றினாலும் ஐகான் மாறவில்லை. என் கணிப்பில் அதுவே இவற்றுள் நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் கோப்பு வேறு வகைக் கணினிக்குப் போனதும் அந்தப் பதிவேடு பின்தங்கிவிட்டது. எண்கள் மட்டும் போய்ச் சேர்ந்தன. வலையோ கோப்புகள் ஓயாமல் இடம்பெயரும் உலகம்.

அந்த இடப்பெயர்ச்சிக்கென்றே உருவானது மைம் என்னும் முறை. மின்னஞ்சலில் படங்களையும் ஒலியையும் இணைத்தனுப்புவதற்காக நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் 1992இல் அதை வெளியிட்டார்கள். 'இமேஜ்/பிஎன்ஜி' என்பது போல, சாய்கோட்டுக்கு முன் பொது இனம், பின் குறிப்பிட்ட வகை. வலை அதை அப்படியே சுவீகரித்துக்கொண்டது: சர்வர் எதை அனுப்பினாலும் அதன் வகையைத் தலைப்பு வரியில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வலையின் தொடக்ககாலக் கோப்பு ஐகான்களும் இந்தக் காலத்தவையே. மொசைக் உலாவிக்காகக் கெவின் ஹியூஸ் வரைந்த சிறு படங்கள், 20க்கு 22 புள்ளிகள் கொண்டவை, பின்னர் என்சிஎஸ்ஏ சர்வருடனும் அப்பாச்சி சர்வருடனும் சேர்த்தே வழங்கப்பட்டன. அப்பாச்சி ஒரு கோப்புறையைப் பட்டியலிடும்போது மைம் வகையையோ பின்னொட்டையோ பார்த்துப் படத்தைத் தேர்ந்தெடுக்கும். எதுவும் பொருந்தாவிட்டால் கேள்விக்குறி போட்ட ஒரு தாளைக் காட்டும். பார்ப்பதற்கு எளிய ஏற்பாடுதான். ஆனால் 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்ல ஓர் ஐகானை ஒதுக்கிவைத்த அந்தப் பண்பு பின்னால் வந்த பகட்டான செயலிகள் பலவற்றில் இல்லாமல் போனது ஓர் இழப்பு.

இன்றைய செயலி ஒன்றுக்குக் கோப்பு வந்து சேரும்போது மூன்று ஆதாரங்கள் கிடைக்கின்றன: கோப்பின் பெயர், உலாவி அறிவிக்கும் மைம் வகை, உள்ளே இருக்கும் பைட்டுகள். பெயரையும் அறிவிப்பையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போனால் வகை உறுதி என்று எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம். அங்கேதான் தவறு. பயனர் தேர்ந்தெடுத்த கோப்பின் வகையை உலாவியிடம் கேட்டால், அது கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை. பின்னொட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறது. ஒரு பிஎன்ஜி படத்தின் பின்னொட்டை '.டிஎக்ஸ்டி' என்று மாற்றிக் கொடுத்தால், அது சாதாரண எழுத்துக் கோப்பு என்று உலாவி சொல்லும். ஆக, இரண்டு சாட்சிகள் போலத் தெரிவது ஒரே சாட்சிதான். முதலாமவர் சொன்னதை இரண்டாமவர் திருப்பிச் சொல்கிறார். பின்னொட்டே ஒருவருக்கு மட்டும் உரியதும் அல்ல. '.டிஎஸ்' என்பது தொலைக்காட்சி ஒளிபரப்பில் புழங்கும் எம்பெக் வீடியோ வடிவத்தின் பின்னொட்டு. 2012இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட் மொழியும் அதே பின்னொட்டை எடுத்துக்கொண்டது. அதனால் மைம் அட்டவணையை மட்டும் நம்பும் செயலிகளில், நிரலாளர் பதிவேற்றிய நிரல்வரிகளுக்கு முன்னால் வீடியோ ஐகான் வந்து நிற்பது உண்டு. பைட்டுகளைப் பார்த்தால் இந்தக் குழப்பம் ஒரு நொடியில் தீரும்: எம்பெக் வடிவத்தில் 188 பைட்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் 71 என்ற எண் வரும். நிரல்வரிகளில் அந்த ஒழுங்கு இருக்காது.

பைட்டுகளின் சாட்சியம் ஏன் வலுவானது என்பதற்குப் பிஎன்ஜி வடிவத்தின் முதல் எட்டு பைட்டுகளைவிட நல்ல உதாரணம் இல்லை: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவிலுள்ள 80, 78, 71 மூன்றும் பி, என், ஜி என்ற ரோமன் எழுத்துகள். மற்ற ஒவ்வொன்றும் ஒரு காவல். முதலில் வரும் 137 சாதாரண ஆங்கில உரையில் வராத எண். அதனால் கோப்பை உரை என்று தவறாக எண்ண வாய்ப்பு குறைகிறது. பைட்டுக்கு ஏழு பிட்டுகளை மட்டுமே கடத்தும் பழைய இணைப்பு வழியாகக் கோப்பு போயிருந்தால் அந்த எண் 9 ஆகச் சுருங்கியிருக்கும். சேதம் உடனே தெரிந்துவிடும். 13உம் 10உம் சேர்ந்தது டாஸ் முறையிலான வரிமாற்றக் குறி. இடையில் ஏதேனும் ஒரு நிரல் வரிமாற்றக் குறிகளைத் 'திருத்தி' இருந்தால் இந்த இணை கலைந்திருக்கும். அடுத்து வரும் 26, டாஸில் கோப்பைத் திரையில் கொட்டும் கட்டளையை அங்கேயே நிறுத்திவிடும். கடைசி 10, எதிர்த்திசையில் நடந்த வரிமாற்றத் திருத்தத்தைக் காட்டிக்கொடுக்கும். எட்டே எண்களில் அடையாளமும் மருத்துவப் பரிசோதனையும் ஒருங்கே இருக்கின்றன. பிடிஎஃப்பின் தொடக்கம் 37, 80, 68, 70, 45 என்ற ஐந்து எண்கள். ஜேபெக் 255, 216, 255 என்று தொடங்கும். டாஸ், விண்டோஸ் நிரல்கள் 77, 90 என்று தொடங்குகின்றன. அவை மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகள். இத்தகைய தொடக்கங்களைப் பார்த்து வகை சொல்லும் 'ஃபைல்' என்ற கட்டளை 1973இல் வந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பிலேயே இருந்தது. வலை பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தெரிந்த வித்தை இது.

எல்லாக் கோப்பும் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவதில்லை. பில் காட்ஸின் முதலெழுத்துகளான 80, 75 என்று தொடங்குவது ஜிப் வடிவம். இன்றைய வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் கோப்புகள், ஈபப் மின்னூல்கள், ஆண்ட்ராய்டு செயலிகள் எல்லாமே உள்ளுக்குள் ஜிப் பொட்டலங்கள்தான். முதல் நான்கு பைட்டுகளோடு நிறுத்திக்கொள்ளும் செயலி, அனுப்பியவர் கொடுத்த விடுப்புக் கடிதத்துக்கும் கணக்குத் தாளுக்கும் ஒரே பொட்டல ஐகானைப் போடும். பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே 'வேர்டு' என்ற கோப்புறை இருக்கிறதா, எக்செலுக்குரிய 'எக்ஸ்எல்' கோப்புறை இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். லிப்ரேஆஃபீஸ் பயன்படுத்தும் ஓபன்டாக்குமென்ட் வடிவத்தை வகுத்தவர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். பொட்டலத்தின் முதல் உறுப்பாக மைம் வகையை எழுதிய சிறு துணுக்கைச் சுருக்காமல் வைக்கச் சொன்னார்கள். அதனால் தொடக்கத்திலிருந்து 38 பைட்டுகள் தள்ளிப் பார்த்தால் கோப்பின் வகை அப்படியே எழுத்தில் தெரியும். பொட்டலத்தைப் பிரிக்கவே வேண்டாம். பின்னால் வருகிறவர்களுக்கு ஐகானைச் சரியாகப் போட இவ்வளவு அக்கறையோடு வழிசெய்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது மரியாதை வருகிறது.

இதற்கெல்லாம் வரும் முதல் மறுப்பு நடைமுறை சார்ந்தது. 'பெரும்பாலான கோப்புகளில் பின்னொட்டு சரியாகத்தானே இருக்கிறது? அபூர்வமான சிலவற்றுக்காக ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பது வீண் செலவு அல்லவா?' செலவைப் பற்றிய பதில் எளிது. கோப்பு பதிவேறும்போது ஒருமுறை பார்த்து, கண்டதைத் தரவுத்தளத்தில் எழுதிவிட்டால் போதும். பட்டியலை ஆயிரம் முறை காட்டினாலும் அந்தக் குறிப்பைத்தான் படிக்கிறோம். பெரும்பாலான வடிவங்களுக்குத் தொடக்கத்துச் சில ஆயிரம் பைட்டுகளே போதும். உலாவியிலேயே கோப்பின் ஒரு துண்டை மட்டும் வெட்டிப் படிக்கவும் வசதி உண்டு. இரண்டு ஜிபி வீடியோவாக இருந்தாலும் அதை முழுதாக அனுப்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சர்வருக்குத் தெரியாமல் மறைகுறியாக்கிச் சேமிக்கும் சேவைகளுக்கும் இதே வழி பொருந்தும்: பூட்டுவதற்கு முன் உலாவி பார்த்துக்கொள்ளலாம். அபூர்வம் என்ற பகுதிக்குத்தான் கூடுதல் கவனம் தேவை. பின்னொட்டை எழுதுகிறவர் கோப்பை அனுப்புகிறவர். அவர் நல்லெண்ணத்தோடு இருக்கும்வரை அது சரியாக இருக்கும். சாட்சியத்தின் மதிப்பு தெரிவதோ ஒருவர் ஏமாற்ற முனையும் நாளில்தான்.

அந்த நாளுக்கு ஒரு தேதி உண்டு: 2000 மே 4. பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகெங்கும் பரவிய ஐலவ்யூ புழுவின் இணைப்புக் கோப்பு 'லவ் லெட்டர் ஃபார் யூ' என்ற பெயரோடு, '.டிஎக்ஸ்டி' என்றும் அதற்குப் பிறகு '.விபிஎஸ்' என்றும் இரட்டைப் பின்னொட்டோடு வந்தது. தனக்குத் தெரிந்த பின்னொட்டுகளைக் காட்டாமல் மறைப்பது விண்டோஸின் இயல்பு அமைப்பாக இருந்ததால், பலருக்குக் கடைசிப் பகுதி தெரியவில்லை. எஞ்சியது ஒரு காதல் கடிதம், அதுவும் வெறும் எழுத்துக் கோப்பு. அத்தகைய நிரல்துணுக்குகளுக்கு விண்டோஸ் வைத்திருந்த ஐகான் சுருள் காகிதம் போல இருந்ததும் சந்தேகம் எழாமல் இருக்க உதவியது. சொடுக்கியவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல முடியாது. திரை சொன்னதை அவர்கள் நம்பினார்கள். விண்டோஸில் இன்னொரு பலவீனமும் உண்டு: ஒரு நிரல் தன் ஐகானைத் தனக்குள்ளேயே சுமந்துவரும். தீங்கு செய்ய வந்த நிரல் பிடிஎஃப்பின் சிவப்புத் தாளை ஐகானாக அணிந்துகொண்டால் தடுப்பார் இல்லை. வலைச் செயலியின் நிலைமை இதைவிட எவ்வளவோ மேல். இங்கே கோப்பு தன் முகத்தைத் தானே வரைந்துகொள்ள முடியாது; எந்தப் படம் போடுவது என்று தீர்மானிப்பது செயலி மட்டுமே. அப்படி இருக்கும்போது அந்தத் தீர்மானத்தை மீண்டும் அனுப்புநரின் பின்னொட்டிடமே ஒப்படைப்பது, கையில் கிடைத்த பாதுகாப்பைத் தூக்கிக் கொடுப்பதாகும்.

இரண்டாவது மறுப்பு பாதுகாப்பு அறிந்தவர்களிடமிருந்து வரும். அது முதலாவதைவிடக் கனமானது. பைட்டுகளைப் பார்த்து வகையை ஊகிப்பதுதான் ஒருகாலத்தில் பெரும் ஓட்டையாக இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சர்வர் சொன்ன வகையை மீறி, கோப்பின் தொடக்கத்து 256 பைட்டுகளை மோந்து பார்த்து, அதில் எச்டிஎம்எல் போன்ற ஏதாவது தென்பட்டால் பக்கமாகவே திறந்துவிடும். படம் என்று பதிவேற்றிய கோப்புக்குள் நிரலை ஒளித்துவைத்து, அதைப் பிறர் உலாவியில் ஓடவைக்க இது வழியானது. 2009இல் எக்ஸ்ப்ளோரர் 8 வந்தபோது, 'மோந்து பார்க்காதே' என்று சர்வர் கட்டளையிடும் தலைப்பு வரியை மைக்ரோசாஃப்டே சேர்த்தது; மற்ற உலாவிகளும் அதைப் பின்பற்றின. இந்த வரலாறு உண்மை. ஆனால் அது கண்டிப்பது ஊகத்தின்பேரில் ஓடவைப்பதை. ஐகானுக்காகப் பார்க்கும் செயலி எதையும் ஓடவைப்பதில்லை. பெயரும் பைட்டும் முரண்பட்டால் அது இரண்டில் ஒன்றைச் சத்தமில்லாமல் தேர்ந்தெடுக்கவும் தேவையில்லை. பெயர் பிடிஎஃப் என்கிறது, பைட்டுகள் 77, 90 என்று தொடங்குகின்றன என்றால், அந்த முரண்பாடே பயனருக்குச் சொல்ல வேண்டிய செய்தி. எச்சரிக்கை ஐகானும் ஒரு வரி விளக்கமும் போதும்.

இதே மறுப்பை இன்னும் ஆழமாகக் கொண்டுபோகலாம். பைட்டுகளும் பொய் சொல்லும். ஜிப் வடிவத்தின் பொருளடக்கம் கோப்பின் இறுதியில் இருக்கிறது. ஜிப்பை வாசிக்கும் நிரல் கடைசியிலிருந்து பார்க்கும். படத்தை வாசிக்கும் நிரல் முதலிலிருந்து பார்க்கும். எனவே ஒரு ஜிஃப் படத்தின் வாலில் ஜாவா நிரல் அடங்கிய ஜிப் பொட்டலத்தை ஒட்டிவைத்தால், ஒரே கோப்பு முன்பக்கம் படமாகவும் பின்பக்கம் நிரலாகவும் பிழையின்றித் திறக்கும். 2008இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இந்த உத்தியை வெளிப்படுத்தினார்கள். இதற்கு என்ன பதில்? வகை என்பது கோப்புக்குள் உறையும் பண்பு அல்ல, கோப்புக்கும் அதை வாசிக்கும் நிரலுக்கும் இடையிலான உறவு என்று ஒப்புக்கொள்வதுதான். அப்படி ஒப்புக்கொண்டால் ஐகானின் பொருளும் தெளிவாகிறது: 'இதைச் சொடுக்கினால் இந்தச் செயலி இதைப் படமாகத் திறக்கும்' என்பதே அது தரும் உறுதி. அந்த உறுதியைச் செயலி காப்பாற்ற முடியும். படத்தைப் பிரித்து, புள்ளிகளை மட்டும் எடுத்துப் புதிய கோப்பாக எழுதிவைத்தால் வாலில் ஒட்டியிருந்தது உதிர்ந்துவிடும். அதன்பின் போடும் ஐகான், செயலி தானே செய்து பார்த்த ஒன்றின் சாட்சியம்.

ஆதாரத்துக்கு மீறிச் சொல்லக்கூடாது என்பதை ஐகானின் உருவத்துக்கும் பொருத்தலாம். 16க்கு 16 என்றால் மொத்தம் 256 புள்ளிகள். அதற்குள் நூறு வகைகளைத் தனித்தனியே காட்ட முயன்றால் எதுவும் தெரியாது. ஆவணம், கணக்குத் தாள், படம், ஒலி, வீடியோ, பொட்டலம், நிரல்வரி என்று ஒரு பத்து இனங்களை ஐகான் சொல்லட்டும். துல்லியமான வகையை அருகில் எழுத்தில் சொல்லலாம். நிறத்தை மட்டும் நம்பவே கூடாது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரிவரத் தெரிவதில்லை. பிடிஎஃப்பின் சிவப்பும் எக்செலின் பச்சையும் அவர்களைக் குழப்பும் இணையாகவே அமைந்துவிட்டது. நிறம் ஒன்றினால் மட்டும் செய்தி சொல்லக்கூடாது என்று வலை அணுகல் வழிகாட்டு நெறிகளும் கூறுகின்றன. பெயருக்குப் பின் 'பிடிஎஃப், 2 எம்பி' என்று எழுதிவிட்டால் திரைவாசிப்பான் கொண்டு கேட்பவருக்கும் அதே தகவல் போய்ச் சேரும். அப்போது ஐகானுக்கு மாற்றுரை காலியாக இருக்கலாம், ஒன்றையே இருமுறை கேட்க வேண்டாம். வேறு தளத்துக்கான இணைப்பு என்றால் கோப்பு நம் கையில் இல்லை. முகவரி '.பிடிஎஃப்' என்று முடிகிறது என்பதற்காக ஸ்டைல் விதி ஒன்றை எழுதி ஐகான் ஒட்டுவது வெறும் ஊகம். முகவரியின் வாலுக்கும் அங்கிருந்து வருவதற்கும் கட்டாயத் தொடர்பு எதுவும் இல்லை. அங்கே வகை ஐகான் இல்லாமலே இருக்கலாம். கேள்விக்குறி பயனரை உறுத்தும் என்று சில வடிவமைப்பாளர்கள் தயங்குகிறார்கள். உறுத்தட்டும்; வகை தெரியாத கோப்பைத் திறக்குமுன் ஒரு கணம் தயங்குவது பயனருக்கு நல்லது.

இந்த முறை கடைசிவரை கைகொடுக்காத ஓர் இடமும் உண்டு, அது தமிழ் வாசகருக்கு மிக அருகில் இருக்கிறது. வெறும் எழுத்துக் கோப்புக்குத் தொடக்க அடையாளம் எதுவும் இல்லை. முதல் பைட்டிலிருந்தே உரை தொடங்கிவிடும். யூனிகோடுக்கு முன் தமிழ் உரைகள் திஸ்கி, டாப், டாம், பாமினி என்று பல குறியேற்றங்களில் எழுதப்பட்டன. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரின் அச்சகங்களிலும் பரவலாக இருந்த பாமினியில், ரோமன் எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் எழுத்துகளின் வடிவங்கள் இருந்தன. அதில் 'அம்மா' என்று தட்டச்சிட்டால் கோப்பில் விழுவது 109, 107, 59, 107, 104 என்ற ஐந்து பைட்டுகள். இன்றைய யுடிஎஃப்-8 முறையில் அதே சொல் 15 பைட்டுகள். இரண்டையும் எழுத்துக் கோப்பு என்றே சொல்ல வேண்டும்; இரண்டுக்கும் ஒரே ஐகானைப் போடுவதில் பிழை இல்லை. ஆனால் முதலாவதைத் திறக்கும் வாசகர் காண்பது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, எச். பைட்டுகளை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் அவை சாதாரண ஆங்கில விசைகளின் எண்கள். 'இது பாமினி' என்று எங்கும் எழுதியிருக்காது. பழைய தமிழ் ஆவணங்களைச் சேகரிக்கும் செயலி ஒன்று இங்கே ஐகானோடு நின்றுவிட முடியாது. கோப்பின் முதல் இரண்டு வரிகளைப் பட்டியலிலேயே காட்டி, குறியேற்றத்தைப் பதிவேற்றுபவரிடமே கேட்டு, அந்தப் பதிலைக் கோப்போடு சேர்த்து எழுதிவைக்க வேண்டும். பாமினியில் பழகியவர் அந்த இரண்டு வரிகளைக் கண்டதுமே அது என்னவென்று சொல்லிவிடுவார்.